‘இப்போது முடியாது’ என்ற 207 பேர்: ஒரு தொழிற்சாலைச் சேமிப்புத் திட்டத்தின் நிகழ்வு ஆய்வு

1998-ல் அமெரிக்காவில் நடுத்தர அளவிலான ஓர் உற்பத்தி நிறுவனத்தில் தொடங்கி நாற்பது மாதம் நடந்த நிகழ்வு இது. தொழிலாளர், ஆலோசகர், நிறுவனம் என யாருக்கும் இங்கே பெயர் இல்லை. இந்த நிகழ்வின் எண்கள் எல்லாம், தொழிலாளரின் ஓய்வுக்காலச் சேமிப்பைக் கூட்ட இந்தத் திட்டத்தை வகுத்த பொருளியலாளர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில் பதிவானவை. மனத்தைப் பற்றிய சில கண்டுபிடிப்புகள் ஒரு சம்பளச் சீட்டுக்குள் புகுந்து, அங்கிருந்து சட்டப் புத்தகம்வரை போனது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த நிகழ்வைத்தான்.

பின்னணி

அமெரிக்காவில் ஒரு காலத்தில் பெரிய ஆலைகளில் வேலை பார்த்தவருக்கு ஓய்வூதியம் தருவது முதலாளியின் பொறுப்பு. 1978-ல் வருமான வரிச் சட்டத்தில் சேர்ந்த ஒரு பிரிவு அதை மாற்றத் தொடங்கியது. அந்தப் பிரிவின் எண்ணே பெயராகிவிட்ட 401கே திட்டங்கள் எண்பதுகளில் பரவின. அதன்பின் சேருவதா வேண்டாமா, சம்பளத்தில் எத்தனை சதவீதம் போடுவது, எந்த நிதியில் முதலீடு செய்வது என எல்லாமே தொழிலாளியின் முடிவு என்று ஆனது.

இதை நம்மூர் பி.எஃப். போல நினைத்துக்கொண்டு படித்தால் கதை புரியாது. பி.எஃப்.பில் 12 சதவீதம் கேட்காமலேயே பிடித்துவிடுவார்கள். கையில் வருவதுதான் சம்பளம் என்று பழகிவிடுகிறோம். அன்றைய 401கேயில் தொழிலாளி படிவம் வாங்கி, நிரப்பி, கையெழுத்துப் போட்டால்தான் பிடித்தம் தொடங்கும். போடாவிட்டால் ஒன்றும் நடக்காது, யாரும் வந்து கேட்கவும் மாட்டார்கள்.

மரபான பொருளியல் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மனிதன் தன் ஆயுள் வருமானத்தைக் கணக்குப் போட்டு, முதுமைக்குத் தேவையானதை இளமையில் ஒதுக்கிக்கொள்வான் என்பது அதன் எடுகோள். அப்படிப் பார்த்தால் ஒருவர் 3 சதவீதம்தான் சேமிக்கிறார் என்றால் அவருக்கு 3 சதவீதம் போதும் என்று பொருள். ஆனால் தொழிலாளர்களையே கேட்டபோது வந்த பதில் வேறு. ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தில் ஆய்வாளர்கள் கருத்துக்கணிப்பு நடத்தி, பதில்களைச் சம்பளப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 100 பேரில் 68 பேர், தாங்கள் சேமிப்பது குறைவு என்று ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் 24 பேர் அடுத்த சில மாதங்களில் கூட்டப்போவதாகச் சொன்னார்கள். உண்மையில் கூட்டியவர்கள் 3 பேர்.

அந்த 21 பேர் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. கேள்வி கேட்ட நேரத்தில் மனதாரச் சொன்னார்கள். அப்புறம் திங்கள்கிழமை வந்தது, வேலை வந்தது, படிவம் மேசையிலேயே கிடந்தது.

நம் தொழிற்சாலைக்கு வருவோம். அங்கே திட்டத்தில் சேர்ந்தவர்களும் குறைவு, சேர்ந்தவர்கள் போட்ட பணமும் குறைவு. குறைந்த சம்பளக்காரர்களிடம் இந்தக் குறை மிக அதிகம். நிர்வாகத்துக்கு இதில் ஒரு நேரடிச் சங்கடமும் இருந்தது. கீழ்நிலை ஊழியர்கள் மிகக் குறைவாகச் சேமித்தால், மேல்நிலை அதிகாரிகள் இந்தத் திட்டத்தில் போடக்கூடிய தொகைக்கு அரசு விதி வரம்பு கட்டும். திட்டம் மேலே இருப்பவர்களுக்கு மட்டும் வரிச்சலுகையாக மாறிவிடக் கூடாது என்பதற்கான விதி அது. நிர்வாகம் தொழிலாளர்மேல் அக்கறைப்பட்டதற்கு இந்த விதியும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நல்ல விதி ஒன்று இருந்ததால்தான் 315 பேருக்கு ஓர் ஆலோசகர் கிடைத்தார்.

முதல் முயற்சி: நல்ல அறிவுரை

ஆலோசகர் ஒவ்வொருவரையும் தனித்தனியே உட்கார வைத்துப் பேசினார். சம்பளம், இப்போதைய சேமிப்பு என விவரங்களைக் கணினி மென்பொருளில் போட்டால், ஓய்வுக்காலத்துக்கு இத்தனை சதவீதம் சேமிக்க வேண்டும் என்று அது சொல்லும். பெரும்பாலானவர்களுக்கு வந்த எண் அவர்கள் சேமிப்பதைவிட மிகப் பெரியது. அந்த எண்ணை அப்படியே முகத்தில் அடித்தாற்போல் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள் என்பது ஆலோசகருக்குத் தெரியும். எனவே முதலில், உங்களால் எவ்வளவு கூட்ட முடியும் என்று கேட்டார். ஆர்வம் காட்டியவர்களுக்குத் திட்டத்தின் உச்சவரம்பான 15 சதவீதத்தைப் பரிந்துரைத்தார். தயங்கியவர்களிடம், இப்போது போடுவதைவிட 5 சதவீதப் புள்ளி கூட்டுங்கள் (3 சதவீதம் என்றால் 8 ஆக) என்றார்.

தகுதியுள்ள 315 பேரில் 29 பேர் ஆலோசகரைச் சந்திக்கவே விரும்பவில்லை. சந்தித்த 286 பேரில் அறிவுரையை ஏற்றவர்கள் 79 பேர், அதாவது 28 சதவீதம். மீதி 207 பேர் மறுத்துவிட்டார்கள்.

இலவச ஆலோசனை, நேருக்கு நேர் சந்திப்பு, தனக்கென்றே போட்ட கணக்கு, அதையும் குறைத்துச் சொன்ன பரிந்துரை. இவ்வளவுக்குப் பிறகும் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பேர் தலையாட்டவில்லை. மக்களுக்குத் தகவல் போதவில்லை, விளக்கிச் சொன்னால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும்.

மறுப்பில் இருந்தது என்ன

மறுத்தவர் கண்ணுக்கு அந்தப் பரிந்துரை எப்படித் தெரிந்திருக்கும்? எடுத்துக்காட்டுக்கு, மாதம் 2,000 டாலர் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வரிக் கணக்கை ஒதுக்கிவிடலாம். அவர் 3.5 சதவீதம் சேமிக்கிறார். 70 டாலர் பிடித்தம் போக 1,930 கைக்கு வருகிறது. ஆலோசகர் சொன்னபடி 5 புள்ளி கூட்டினால் பிடித்தம் 170. அடுத்த மாதம் கைக்கு வருவது 1,830. வாடகையும் குறையாது, காருக்குக் கட்டும் தவணையும் குறையாது. சம்பளச் சீட்டில் மட்டும் 100 டாலர் காணாமல் போகும்.

உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் முன்வைத்த கோட்பாடு இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. மனம் லாப நட்டத்தை மொத்தச் சொத்தைக் கொண்டு அளப்பதில்லை. நேற்றுவரை பழகிய ஒரு நிலையை வைத்து, அதற்கு மேலா கீழா என்று பார்க்கிறது. கீழே போகும் 100 டாலர், மேலே வரும் 100 டாலரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு உறைக்கிறது. 1,930 என்பது பழகிய தரை. 1,830 என்பது பள்ளம். பிடித்த பணமும் தன் பெயரில்தான் சேருகிறது என்று அறிவுக்குத் தெரியும். ஆனால் மாதக் கடைசியில் பையைத் தொட்டுப் பார்க்கிற கைக்கு அது தெரியாது.

இரண்டாவது காரணம் தேதி. நாளைக்குச் செய்ய வேண்டிய நல்ல காரியத்துக்கு மனம் எளிதில் சம்மதிக்கும். இன்றைக்கே செய் என்றால் முரண்டு பிடிக்கும். ஆம்ஸ்டர்டாமில் சில அலுவலகங்களில் நடந்த பரிசோதனை ஒன்றில், அடுத்த வாரம் என்ன சிற்றுண்டி வேண்டும் என்று கேட்டபோது பழத்தைச் சொன்ன பலர், அந்த வாரம் வந்து தட்டு கையில் நீட்டப்பட்டதும் சாக்லேட்டுக்கு மாறினார்கள். சேமிப்பும் அப்படித்தான். ‘வர்ற தையிலிருந்து’ என்று நாம் சொல்லும் எத்தனையோ தீர்மானங்களின் கதை நமக்கே தெரியும்.

மூன்றாவது, இருப்பதை அப்படியே விட்டுவிடும் பழக்கம். அமெரிக்கப் பேராசிரியர்களின் ஓய்வூதிய நிதியை எண்பதுகளில் ஆராய்ந்தபோது, நடுத்தர உறுப்பினர் ஒருவர் தன் பணி வாழ்நாள் முழுவதும் முதலீட்டுப் பங்கீட்டை மாற்றிய தடவைகள் பூஜ்யம் என்று தெரியவந்தது. படித்தவர்கள்தான், அதுவும் பேராசிரியர்கள்.

இந்த மூன்றையும் கோழைத்தனம், சோம்பல், அறியாமை என்று திட்டிவிட்டுப் போக முடியும். பல காலம் அப்படித்தான் செய்தார்கள். பழகிய தரையிலிருந்து கீழே இறங்க மறுப்பது பிழையான கணக்காக இருக்கலாம், ஆனால் அது எல்லோரிடமும் ஒரே திசையில் நடக்கிற பிழை. எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் அதற்கு ஏற்றபடி திட்டம் போட முடியும்.

இரண்டாவது முயற்சி: நாளைக்கு என்று கேட்பது

மறுத்த 207 பேரிடம் ஆலோசகர் இன்னொரு வழியைச் சொன்னார். தேலரும் பெனார்ட்ஸியும் அதற்கு வைத்த பெயரைத் தமிழில் ‘நாளை கூடுதலாகச் சேமி’ எனலாம். சுருக்கமாக அது இதுதான்: இன்று உங்களிடமிருந்து ஒரு காசும் கூடுதலாக வேண்டாம். அடுத்த சம்பள உயர்வு வரும்போது, உயர்ந்த சம்பளத்தின் முதல் சீட்டிலேயே சேமிப்பு 3 புள்ளி கூடும். அதற்கடுத்த உயர்வில் இன்னொரு 3 புள்ளி. உச்சவரம்பைத் தொடும்வரை இப்படியே போகும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். இன்று ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள்.

அந்த நிறுவனத்தில் அடுத்த உயர்வுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் இருந்தது. உயர்வு வழக்கமாக 3.25 முதல் 3.5 சதவீதம்வரை. இந்த எண்களின் பொருத்தத்தில்தான் முழு வடிவமைப்பும் நிற்கிறது. நம் எடுத்துக்காட்டுத் தொழிலாளியின் சம்பளம் 3.5 சதவீதம் உயர்ந்தால் 2,070 டாலர். சேமிப்பு இப்போது 6.5 சதவீதம், பிடித்தம் 134 டாலர் 55 சென்ட். கைக்கு வருவது 1,935 டாலர் 45 சென்ட். போன மாதத்தைவிட 5 டாலர் சொச்சம் அதிகம்! சேமிப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது, சம்பளச் சீட்டில் பள்ளம் விழவில்லை.

பள்ளம் உண்மையாகவே விழவில்லையா என்றால், விழுந்தது. அன்றைய அமெரிக்கப் பணவீக்கம் ஆண்டுக்கு 2, 3 சதவீதம். கைக்கு வரும் டாலர் அதே அளவில் நின்றால், அதைக் கொண்டு வாங்கக்கூடியது ஆண்டுக்கு ஆண்டு சற்றே குறையும். ஆனால் மனம் அச்சடித்த எண்ணைத்தான் பார்க்கிறது. கானமன், ஜாக் நெட்ஸ், தேலர் மூவரும் 1986-ல் வெளியிட்ட கனடியக் கருத்துக்கணிப்பு இதை அழகாகக் காட்டியது. பணவீக்கம் இல்லாத ஊரில் ஒரு நிறுவனம் ஊதியத்தை 7 சதவீதம் குறைக்கிறது என்றபோது 62 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். பணவீக்கம் 12 சதவீதம் இருக்கும்போது ஊதியத்தை 5 சதவீதம் மட்டும் உயர்த்துகிறது என்றபோது 78 சதவீதம் பேர் பரவாயில்லை என்றார்கள். இரண்டிலும் தொழிலாளி இழப்பது ஏறக்குறைய ஒரே அளவுதான்.

எனக்கு இங்கே ஓர் உறுத்தல் உண்டு. மனத்தின் இந்தக் குறையைப் பயன்படுத்துவது ஏமாற்று வேலையா? திட்டம் மறைவாக நடக்கவில்லை. என்ன நடக்கும் என்று முன்னாலேயே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள், கதவும் திறந்தே இருந்தது. அந்த வகையில் இது நேர்மையானது என்றே நினைக்கிறேன். ஆனாலும் விலைவாசிக் கணக்கையும் அந்த மேசையிலேயே போட்டுக் காட்டியிருக்க வேண்டும். காட்டிய பிறகும் பெரும்பாலானவர்கள் சேர்ந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

3 புள்ளி என்பது துணிச்சலான அளவு. உயர்வு முழுவதையும் விழுங்குகிற அளவு. 1 புள்ளி என்று கேட்டிருந்தால் இன்னும் பலர் சேர்ந்திருக்கலாம், ஆனால் போய்ச் சேரப் பத்து ஆண்டாகியிருக்கும்.

என்ன நடந்தது

207 பேரில் 162 பேர் சேர்ந்தார்கள். 78 சதவீதம். சில நிமிடங்களுக்கு முன் ‘முடியாது’ என்ற அதே ஆட்கள்.

அவர்களின் சராசரிச் சேமிப்பு தொடங்கும்போது 3.5 சதவீதம், ஆலோசகரைப் பார்க்காதவர்கள், அறிவுரையை ஏற்றவர்கள், இதில் சேர்ந்தவர்கள், இரண்டையும் மறுத்தவர்கள் என்ற நான்கு பிரிவினரில் மிகக் குறைந்தது. முதல் உயர்வுக்குப் பின் 6.5, இரண்டாவதுக்குப் பின் 9.4, மூன்றாவதில் 11.6, நான்காவதில் 13.6. நாற்பது மாதத்தில் ஏறத்தாழ நான்கு மடங்கு.

விலகியவர்களும் இருந்தார்கள். இரண்டாவது உயர்வுக்கு முன் 4 பேர், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் 29 பேர். மீதி 80 சதவீதம் பேர் நான்காவது உயர்வுவரை தங்கினார்கள். விலகியவர்களைப் பற்றி ஒரு செய்தியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அவர்கள் பழைய 3.5-க்குத் திரும்பவில்லை. இனிமேல் கூட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். ஏறிய படியிலேயே நின்றுகொண்டார்கள். படிவம் நிரப்ப மனமில்லாத அந்தப் பழைய பழக்கம்தான் இப்போது சேமிப்பைக் காவல் காத்தது.

இரண்டு யோசனையையும் மறுத்த 45 பேர் 6.1-ல் தொடங்கி 5.9-ல் நின்றார்கள். ஆலோசகரைப் பார்க்காத 29 பேர் 6.6-லிருந்து 6.2. இவர்கள் தொடக்கத்திலேயே மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சேமித்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மறுத்தவர் எல்லாம் ஊதாரி இல்லை.

இனி அந்த 79 பேர். நல்ல அறிவுரையை நல்லபடியாகக் கேட்டுக்கொண்டவர்கள். 4.4 சதவீதத்திலிருந்து ஒரே தாவலில் 9.1-க்குப் போனார்கள். அடுத்து 8.9, 8.7, 8.8. முதல் ஆண்டில் அவர்கள்தான் முன்னால். இரண்டாவது உயர்விலேயே ‘முடியாது’ என்றவர்கள் அவர்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஒருமுறை மன உறுதியோடு எடுத்த முடிவு, அப்படியே கெட்டியாகிவிட்டது.

தொழிற்சாலைக்கு வெளியே

இதே 1998-ல் இன்னொரு பெரிய அமெரிக்க நிறுவனத்தில் வேறொரு மாற்றம் நடந்தது. புதிதாகச் சேரும் ஊழியர்களை, வேண்டாம் என்று சொன்னால் ஒழிய, தானாகவே 401கேயில் சேர்த்தார்கள். பிரிஜிட் மாட்ரியனும் டென்னிஸ் ஷேயும் 2001-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய ஆண்டு வேலைக்கு வந்தவர்களில் 49 சதவீதம் பேர் திட்டத்தில் இருந்தார்கள்; தானாகச் சேர்க்கப்பட்டவர்களில் 86 சதவீதம். கேள்வியை மாற்றிப் போட்டது மட்டும்தான் வித்தியாசம்.

ஆனால் அந்த நிறுவனம் தொடக்க அளவாக வைத்தது 3 சதவீதம். பாதிக்கும் மேற்பட்டோர் அந்த 3 சதவீதத்திலும், நிறுவனமே தேர்ந்துவைத்த மிகப் பாதுகாப்பான குறைந்த வருவாய் நிதியிலும் அசையாமல் உட்கார்ந்துவிட்டார்கள். சொந்தமாகத் தேர்ந்திருந்தால் 6 சதவீதம் போட்டிருக்கக்கூடியவர்களும் அவர்களில் உண்டு. அந்த 3 நாடெங்கும் பரவியது எப்படி? அதே ஆண்டு அமெரிக்க வருமான வரித்துறை வெளியிட்ட ஒரு விளக்க ஆணையில் எடுத்துக்காட்டுக்காக எழுதப்பட்ட எண் அது. எடுத்துக்காட்டு என்று எழுதியதை நாடே அறிவுரையாக எடுத்துக்கொண்டது.

தானாகச் சேர்ப்பது, படிப்படியாகக் கூட்டுவது என்ற இந்த இரண்டு பாடத்தையும் அரசுகள் கையில் எடுத்தன. 2006-ல் அமெரிக்காவின் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம், தானாகச் சேர்த்து ஆண்டுதோறும் கூட்டிச் செல்லும் நிறுவனங்களுக்கு, மேல்நிலை அதிகாரிகளின் தொகைக்கு வரம்பு கட்டும் சோதனை விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. குறைந்தபட்ச ஏணி 3, 4, 5, 6. நியூசிலாந்து 2007-ல் தன் திட்டத்தைத் தொடங்கியது. பிரிட்டன் 2008-ல் சட்டம் போட்டு, 2012 அக்டோபரிலிருந்து பெரிய நிறுவனங்கள் தொடங்கிச் சிறிய கடைகள்வரை படிப்படியாக நடைமுறைப்படுத்தியது. அங்கே விலகியவர்கள் கிட்டத்தட்டப் பத்தில் ஒருவர்தான். அரசு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. குறைந்தபட்சப் பங்களிப்பு முதலாளி பங்கையும் சேர்த்து 2 சதவீதத்தில் தொடங்கி, 2018 ஏப்ரலில் 5, 2019 ஏப்ரலில் 8 ஆனது. அப்போதும் கூட்டம் கூட்டமாக யாரும் வெளியேறவில்லை. தேலருக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. 2022 டிசம்பரில் அமெரிக்கா இன்னொரு சட்டம் இயற்றியது. அதன்படி 2025 முதல், சில விலக்குகள் தவிர, புதிய 401கே திட்டங்கள் தானாகச் சேர்க்க வேண்டும், 3 முதல் 10 சதவீதத்துக்குள் தொடங்கி ஆண்டுக்கு 1 புள்ளி கூட்டிக் குறைந்தது 10 சதவீதம்வரை கொண்டுபோக வேண்டும்.

இந்த வரிசையைப் படிக்கும்போது எனக்கு ஒரு வருத்தம் எழுகிறது. கேட்காமல் சேர்ப்பது அரசுக்கும் முதலாளிக்கும் எளிது. அதைச் சட்டங்கள் விரைவாகப் பிடித்துக்கொண்டன. தொழிற்சாலையில் பலன் தந்த மறு பாதி, அதாவது உயர்வோடு சேர்த்து உயர்த்திக்கொண்டே போவது, மெதுவாக, 1 புள்ளி 1 புள்ளியாக, தாழ்ந்த கூரையோடுதான் வந்தது. சேர்ந்துவிட்டோம், பிடித்தமும் ஆகிறது, இனிக் கவலையில்லை என்று 3 சதவீதத்தில் நிம்மதியாக இருக்கும் ஒருவர், சேராமல் கவலைப்படுகிறவரைவிட நல்ல நிலையில்தான் இருக்கிறார். ஆனால் முதுமைக்கு அது போதாது. போதாது என்று அவருக்குச் சொல்ல அங்கே ஆலோசகரும் இல்லை.

எண்களை எவ்வளவு நம்பலாம்

162 பேரின் 3.5-ஐயும் 13.6-ஐயும் பார்த்து மலைத்துவிடக் கூடாது. இது குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை இல்லை. யார் எந்தப் பிரிவில் இருப்பது என்பது அவரவர் தேர்வு. நேருக்கு நேர் பேசிய மனிதர் ஒருவர் அங்கே இருந்தார். பிற்பாடு வேறு நிறுவனங்களில் கடிதம் அனுப்பி அழைத்தபோது சேர்ந்தவர்களின் விகிதம் இந்த 78-க்குப் பக்கத்தில் வரவில்லை. திட்டத்தின் வடிவம் எவ்வளவு வேலை செய்தது, எதிரில் உட்கார்ந்திருந்த முகம் எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல இந்த ஒரு நிகழ்வால் முடியாது.

இன்னொன்று, வேலை மாறுவது. நம் எண்கள் ஒரே நிறுவனத்துக்குள் நின்றவர்களின் கணக்கு. வேறு வேலைக்குப் போகிறவர் பலர் சேர்ந்த பணத்தை எடுத்துச் செலவழித்துவிடுகிறார்கள். புதிய இடத்தில் மறுபடி 3-லிருந்து ஏணி தொடங்குகிறது. தானியங்கிச் சேமிப்பை முன்பு ஆதரித்து ஆராய்ந்தவர்களே 2024-ல் இவற்றையெல்லாம் கழித்துக் கணக்குப் போட்டு, நீண்டகாலப் பலன் முன்பு நினைத்ததைவிடச் சிறியது என்று வெளியிட்டார்கள். தங்கள் முடிவையே திருத்திக்கொள்ளும் அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

மூன்றாவதாகக் கடன். ஒரு பக்கம் 13 சதவீதம் சேமித்துக்கொண்டு, மறுபக்கம் கடன் அட்டையில் பற்றாக்குறையைச் சமாளித்தால் அது சேமிப்பே இல்லை. தொழிற்சாலைப் பதிவுகள் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டன. வீட்டுக் கணக்கு யாரிடமும் இல்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே வேலை என் கையில் வந்தால், விலகிய 33 பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காரணம் கேட்பேன். வீட்டில் நோயா, பிள்ளையின் படிப்பா, 3 புள்ளி தாங்கவில்லையா? அளவு தாங்கவில்லை என்று பலர் சொன்னால், விலகும் படிவத்தில் ‘நிறுத்து’ என்பதோடு ‘1 புள்ளியாகக் குறை’ என்றும் ஒரு கட்டம் இருக்க வேண்டும். குறைந்த சம்பளக்காரருக்குச் சேமிப்பைக் கூட்டுவதற்கு முன்னால் வட்டி அதிகமுள்ள கடனை அடைப்பது நல்லதா என்பதை மென்பொருள் கேட்க வேண்டும். உயர்வு 2 சதவீதமாகக் குறைந்த ஆண்டில் பிடித்தமும் தானாகக் குறைய வேண்டும். 3 என்ற எண்ணை விட, கைக்கு வருவது குறையாது என்ற வாக்குறுதியே முக்கியம்.

யாரிடம் முதலில் எதைக் கேட்பது என்ற வரிசையையும் மாற்ற வேண்டும். அங்கே ‘நாளை கூடுதலாகச் சேமி’ என்பது மறுத்தவர்களுக்கு மட்டும் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு. முதல் அறிவுரையைக் கேட்டுத் தலையாட்டிய 79 பேரிடம் அதைப் பற்றி யாரும் பேசவேயில்லை. சொன்ன சொல்லைக் கேட்டார்கள் என்பதாலேயே அவர்கள் பெயர் ‘முடிந்தது’ பட்டியலில் ஏறிவிட்டது. இன்று நான் மேசை போட்டு உட்கார்ந்தால் முதலில் அழைப்பது அவர்களைத்தான்: ‘5 புள்ளி கூட்டியது நல்லது. அடுத்த உயர்விலிருந்து 1 புள்ளி சேர்த்துக்கொள்ளலாமா?’ நாற்பது மாதம் 9-ஐ ஒட்டியே நின்ற அவர்களிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்க ஆலோசகருக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.